கயோட்டி வேட்டைக்கு எந்தத் தோட்டா வாங்கறது?

வேலைக்காக கான்சஸ் மாநிலத்தோட மேற்குப் பக்கம் ஒரு சின்ன ஊருக்கு வந்தவன் நான். சுத்தி கோதுமை வயல், புல்வெளி, நிக்காம அடிக்கற காத்து, அவ்ளோதான். குளிர்காலத்துல பொழுதே போகாது. பக்கத்துல மாட்டுப் பண்ணை வச்சிருக்கற ஒரு பெரியவர் கூட போய் போய் வேட்டைப் பழக்கம் ஒட்டிக்கிச்சு. முதல் தடவ தோட்டா வாங்கப் போனப்ப அலமாரி முன்னாடி நின்னு முழிச்சது இன்னும் ஞாபகம் இருக்கு. ஊர்ல அரிசிக் கடைல போய் பொன்னி குடுங்கன்னா புழுங்கலா பச்சையா, புதுசா பழசான்னு திருப்பிக் கேப்பாங்களே, அதே கதைதான், .223ங்கற சைஸ் வேணும்னேன், .223-லயே இருபது விதமா டப்பா அடுக்கி வச்சிருந்தாங்க. இருக்கறதுலயே விலை கம்மியா ஒன்ன எடுத்துட்டு வந்தேன். அது எப்பேர்ப்பட்ட தப்புன்னு கொஞ்சம் கழிச்சு சொல்றேன்.

கயோட்டின்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு, நம்ம ஊரு குள்ளநரிக்கு ஒன்னுவிட்ட சொந்தம்னு வச்சிக்கலாம், வட அமெரிக்கா பூரா இருக்கு. இங்க பண்ணைக்காரங்க பாதி பேர் 'கையோட்'னுதான் சொல்வாங்க. ஆட்டுக்குட்டியையும் பொறந்த கன்னுக்குட்டியையும் தூக்கிட்டுப் போயிடும்னு அதுமேல அவங்களுக்கு பல தலைமுறை கோவம். கான்சஸ்ல வருஷம் பூரா வேட்டையாடலாம், லைசென்ஸ் எடுக்கணும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் சட்டம் வேற வேற, ராத்திரில வேட்டையாடலாமா கூடாதாங்கறதுல ஆரம்பிச்சு எல்லாமே மாறும், அதனால அந்தந்த மாநில வனவிலங்குத் துறை வெப்சைட்ட பாத்துட்டுதான் கிளம்பணும். (ஊர்ல இதப் படிக்கறவங்களுக்கு, நம்ம நரி 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள வருது, அங்க இந்தப் பேச்சே கிடையாது.)

தோட்டா தேர்வுக்கு இந்த மிருகத்தப் பத்தி ரெண்டு விஷயம் தெரிஞ்சா போதும். எடை பெரும்பாலும் 10லேர்ந்து 20 கிலோ, அதாவது ஒரு நடுத்தர நாட்டு நாய் அளவு, கிழக்கு மாநிலங்கள்ல இருக்கறது கொஞ்சம் பெருசு. குளிர்காலத்துல ரோமம் அடர்த்தியா வளந்து உடம்பு பெருசா தெரியும், ஆனா அந்த ரோமத்துக்குள்ள இருக்கறது ஒல்லி உடம்பு. நெஞ்சுல இதயமும் நுரையீரலும் இருக்கற இடம் ஒரு டீ சாஸர் அளவுதான் இருக்கும். மானுக்கு இருக்கற மாதிரி கனமான எலும்பு, தடிச்ச தசை எதுவும் கிடையாது. ஆக நமக்கு வேண்டியது பெரிய பலம் இல்ல, அந்த சாஸர்ல போய் விழணும், விழுந்த எடத்துலயே வேலைய முடிக்கணும்.

இப்ப அடிப்படைக்கு வரேன். சினிமா பாத்துட்டு நாம எல்லாத்தையும் புல்லட்டுன்னு சொல்லிடறோம், ஆனா கடைல வாங்கறது தோட்டா, அதோட நுனில இருந்து பறந்து போறதுதான் குண்டு. ஊர்ல நாட்டுத் துப்பாக்கி பாத்தவங்களுக்கு இது உடனே புரியும், மருந்து தனியா, ரவை தனியா குழாய் வாய் வழியா போட்டு குச்சியால இடிப்பாங்க. அந்த மருந்து, அத பத்த வைக்கற ப்ரைமர், முன்னாடி குண்டு, இது மூணையும் ஒரு பித்தளைக் கூட்டுக்குள்ள அடைச்சு வச்சதுதான் தோட்டா. இத பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சா பாதிக் குழப்பம் போயிடும். ஏன்னா .223, .22-250, .243ன்னு எல்லாரும் சண்டை போடறது கூட்டோட சைஸப் பத்தி. கயோட்டிய விழ வைக்கறது குண்டு.

இந்தப் பேருங்க இருக்கே, அது ஒரு தனி கூத்து. .222 ரெமிங்டன், .223 ரெமிங்டன், .22-250 ரெமிங்டன், .220 ஸ்விஃப்ட், நாலும் நாலு நம்பர், ஆனா நாலுலயும் குண்டோட விட்டம் ஒன்னேதான், 0.224 இன்ச்! நம்பர எவன் எப்படி வச்சான்னு தலைய பிச்சிக்க வேணாம். வித்தியாசம் பின்னாடி இருக்கற கூட்டுல. .223 கூட்டுல மருந்து சுமார் 25-27 கிரெய்ன் பிடிக்கும், .22-250 கூட்டுல 35க்கு மேல. அது பழைய .250 சாவேஜ் கூட்டோட கழுத்த நெருக்கி .22 குண்டுக்கு பொருந்தற மாதிரி ஆக்கினது, ரொம்ப நாள் ஆளாளுக்கு வீட்ல செஞ்சிட்டிருந்தாங்க, 1965-ல ரெமிங்டன் கம்பெனி அதிகாரபூர்வமா கொண்டு வந்துச்சு. .243 வின்செஸ்டர் 1955-ல வந்தது, .308 கூட்டோட கழுத்த நெருக்கினது, குண்டு கொஞ்சம் தடிமன். .204 ரூகர் 2004-ல வந்த பொடிசு, ஆனா பயங்கர வேகம்.

கிரெய்ன்னா எடை. ஒரு கிராமுக்கு சுமார் 15.4 கிரெய்ன். டப்பா மேல 55 கிரெய்ன்னு போட்டிருந்தா குண்டு மூணரை கிராம் சொச்சம், அதாவது அரை சவரன் தங்கத்த விடக் கம்மி. இந்த அரை சவரன் கூட தேறாத சாமான் .223-ல கிளம்பறப்ப செகண்டுக்கு 3240 அடி வேகத்துல போகும், மீட்டர்ல சொன்னா 990 கிட்ட. அதே 55 கிரெய்ன் .22-250-ல 3680 அடி. .204-ல 40 கிரெய்ன் குண்டு 3900 அடி. மருந்து தூள எடை போடறதும் இதே கிரெய்ன்லதான், அதனால டப்பால இருக்கறது எதோட எடைன்னு குழம்பாதீங்க, டப்பால போட்டிருக்கறது எப்பவும் குண்டோட எடை.

சரி, என் கதைக்கு வரேன். நான் விலை கம்மின்னு வாங்கினது எஃப்.எம்.ஜே, ஃபுல் மெட்டல் ஜாக்கெட். ஈயத்த சுத்தி முழுசா செம்பு சட்டை போட்ட குண்டு. பட்டாளத்துக்காக வடிவமைச்சது, டார்கெட்ல சுட்டுப் பழக அருமையா இருக்கும். ஜனவரி மாசம், சாயங்காலம் நாலு மணி இருக்கும், பெரியவர் முயல் கத்தற மாதிரி சத்தம் போடற கருவிய வச்சாரு, பத்து நிமிஷத்துல ஒன்னு வந்து நின்னுச்சு, நூறு கெஜம் கூட இருக்காது, சுட்டேன், பட்டுச்சு, பட்ட சத்தம் கூட கேட்டுச்சு. அது ஒரு துள்ளு துள்ளிட்டு ஓடிடுச்சு. இருட்டற வரைக்கும் தேடினோம். பனி மேல அங்கங்க நாலு சொட்டு ரத்தம், அதுக்கப்புறம் அதுவும் இல்ல. திரும்பி வரப்ப பெரியவர் ஒரு வார்த்தை பேசல. வண்டில ஏறி என் டப்பாவ வாங்கிப் பாத்துட்டு இது பேப்பர்ல ஓட்டை போடறதுக்கு, உசுரு மேல சுடறதுக்கு இல்லன்னு மட்டும் சொன்னாரு. அன்னிக்கு ராத்திரி சாப்பாடு இறங்கல எனக்கு.

நடந்தது என்னன்னா, ஒல்லி உடம்புக்குள்ள எஃப்.எம்.ஜே குண்டு நுழைஞ்சு, விரியாம உடையாம, பென்சில் சொருகினாப்பல அந்தப் பக்கம் போயிடும். அதோட சக்தில பெரும்பகுதி உள்ள இறங்கவே இல்ல, பின்னாடி மண்ணுல போய் இறங்கியிருக்கும். மிருகம் ஓடிப் போய் எங்கயோ மறைவுல மணிக்கணக்கா துடிச்சு சாகும். அதோட இந்த மாதிரி கெட்டி குண்டு கல்லுல பட்டா தெறிச்சு வேற திசைல போற ஆபத்தும் ஜாஸ்தி.

கயோட்டிக்கு வேணுங்கறது உள்ள போனதும் விரியற, இல்லன்னா உடையற குண்டு. இதுல மூணு நாலு ஜாதி இருக்கு. சாஃப்ட் பாயிண்ட்ல நுனில செம்பு சட்டை இருக்காது, ஈயம் வெளிய தெரியும், பட்டதும் அந்த ஈயம் நசுங்கி காளான் மாதிரி விரியும். பழைய டிசைன்தான், விலையும் நியாயமா இருக்கும், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஹாலோ பாயிண்ட்ல நுனில குழி இருக்கும், அது வழியா பொளந்து விரியும், ஆனா ஒன்னு, மேட்ச்னு போட்டு வர்ற போட்டி குண்டுங்கள்லயும் நுனில சின்ன ஓட்டை இருக்கும், அது தயாரிக்கற முறையால வந்த ஓட்டை, விரியறதுக்கு வச்சது இல்ல, ரெண்டையும் ஒன்னுன்னு நினைச்சு வாங்கிடாதீங்க. மூணாவது பிளாஸ்டிக் நுனி வச்சது. ஹார்னடியோட வி-மேக்ஸ், நோஸ்லரோட பாலிஸ்டிக் டிப், சியராவோட பிளிட்ஸ்கிங் எல்லாம் இந்த வகை. கூரான பிளாஸ்டிக் நுனி காத்த கிழிச்சிட்டுப் போகும், உடம்புல பட்டதும் அந்த நுனியே ஆப்பு மாதிரி உள்ள இறங்கி மெல்லிசான செம்பு சட்டைய பொளந்துடும், குண்டு உள்ளயே துண்டு துண்டா சிதறும். நுரையீரல்ல இது நடந்தா பெரும்பாலும் நின்ன எடத்துலயே விழுந்துடும், தேட வேண்டிய வேலை இருக்காது. புதுசா ஆரம்பிக்கறவங்க கண்ண மூடிக்கிட்டு வாங்கறதா இருந்தா இந்த மூணாவது வகைதான் என் ஓட்டு.

இதுல ஒரு பொடி எச்சரிக்கை. பிளிட்ஸ்கிங்கோட பிளாஸ்டிக் நுனி பச்சைக் கலர். எம்855ன்னு ஒரு பட்டாளத்து 5.56 தோட்டா இருக்கு, அதுக்கும் நுனி பச்சை, ஆனா அது பெயிண்ட், உள்ள இரும்பு. ஒன்னு நாம தேடற சாமான், இன்னொன்னு அதுக்கு நேர் எதிர். கலர நம்பாம டப்பா மேல எழுதியிருக்கற பேரப் படிங்க.

குண்டு உடையணும்னு சொன்னேன், அதுக்காக ரொம்ப சீக்கிரமும் உடையக்கூடாது. இங்க புல்வெளில வளை தோண்டற பிரெய்ரி டாக்னு ஒரு அணில் ஜாதி இருக்கு, ஒரு கிலோ எடை தேறும், அதுக்குன்னு செஞ்ச 30-35 கிரெய்ன் மெல்லிசு குண்டு கயோட்டியோட தோள் எலும்புல பட்டா மேலாப்புல சிதறிடும், பெரிய காயம் தெரியும் ஆனா நுரையீரலுக்கு ஒன்னும் போய் சேராது, மறுபடியும் அதே துயரம்தான். அதனால .204-ன்னா 40 கிரெய்ன் பக்கம் போங்க, .223-லயும் .22-250-லயும் 50லேர்ந்து 55. சுடற கோணமும் முக்கியம், பக்கவாட்டுல நிக்கறப்ப முன்னங்கால் தோளுக்கு ஒட்டினாப்பல பின்னாடி.

அடுத்து தோல். கயோட்டி ரோமத்த விக்கறவங்க ஒரு கூட்டம் இருந்துச்சு, இப்பவும் கொஞ்சம் பேர் இருக்காங்க. அவங்களுக்கு குண்டு நுழையற எடத்துல பொடி ஓட்டையோட நிக்கணும், அந்தப் பக்கம் வெளிய வரவே கூடாது, வந்தா கை அகலத்துக்கு தோல் கிழிஞ்சிடும், தையல் போட்டு விக்கணும், விலை போகாது. .204, .17 ரெமிங்டன் மாதிரி சின்ன குண்டுங்களுக்கு இவ்ளோ ரசிகர்கள் இருக்கறதுக்கு காரணமே இதுதான், உள்ள போயி உள்ளயே முடிஞ்சிடும். பெரிய .243-ல மான் வேட்டைக்கு செஞ்ச 100 கிரெய்ன் குண்டப் போட்டா தோல மறந்துட வேண்டியதுதான், அதுலயே 58 கிரெய்ன் வி-மேக்ஸ் மாதிரி லேசு குண்டுன்னா கொஞ்சம் தேவலாம். ஆனா தோல் வியாபாரமே இப்ப படுத்துடுச்சு, குளிர் ஜாக்கெட்டோட தலைமூடில கயோட்டி ரோமம் வச்சு வித்த கனடா கூஸ் கம்பெனியே ரோமத்த விட்டுடறோம்னு 2021-ல அறிவிச்சாங்க. கன்னுக்குட்டிய காப்பாத்தறதுக்காக சுடறவருக்கு ஓட்டை எவ்ளோ பெருசுங்கறது ஒரு பொருட்டே இல்ல. நீங்க எந்தக் கட்சின்னு முதல்ல முடிவு பண்ணிக்கோங்க, தேர்வு பாதி அதுலயே முடிஞ்சிடும்.

இப்ப புதுசா வர்றவங்க தவற விடற விஷயம், குழாயோட ட்விஸ்ட். துப்பாக்கிக் குழாய்க்குள்ள சுருளா வரி வெட்டியிருப்பாங்க, குண்டு அதுல உராஞ்சு சுத்திக்கிட்டே வெளிய வரும். பம்பரம் சுத்தற வரைக்கும்தான் நிக்கும், வேகம் கொறைஞ்சா தலையாட்ட ஆரம்பிக்கும்ல, குண்டும் அப்படித்தான். குழாய்ல 1:9ன்னு பொறிச்சிருந்தா 9 இன்ச் போறதுக்குள்ள ஒரு சுத்து. கணக்கு போட்டுப் பாத்தா .223 குண்டு நிமிஷத்துக்கு ரெண்டரை லட்சம் சுத்துக்கு மேல சுத்துது, பம்பரம் எல்லாம் பிச்சை வாங்கணும்! விதி என்னன்னா குண்டு நீளமாக நீளமாக இன்னும் வேகமா சுத்தணும். பழைய .22-250 துப்பாக்கிங்க பெரும்பாலும் 1:14, அதுல 55 கிரெய்ன் வரைக்கும் சரியா போகும், 70-75 கிரெய்ன் நீள குண்டப் போட்டா தலையாட்டிக்கிட்டே போயி பேப்பர்ல பக்கவாட்டுல விழும். .223-ல 1:9, 1:8 இருந்தா நமக்கு வேண்டிய எல்லாத்தையும் சமாளிக்கும். 1:7-லயும் 55 ஓடும், ஆனா ரொம்ப மெல்லிசு சட்டை போட்ட லேசு குண்டுன்னா அந்த சுத்துல நடுவானத்துலயே சிதறிப் போறது உண்டு. குழாய் மேல என்ன பொறிச்சிருக்குன்னு பாக்காம டப்பாவ எடுக்காதீங்க, அவ்ளோதான்.

அதே குழாய்ல இன்னொன்னும் பாருங்க. .223ன்னு பொறிச்ச துப்பாக்கில 5.56 தோட்டாவ போடக்கூடாது. பாத்தா ரெட்டப் பிள்ளைங்க மாதிரி இருக்கும், உள்ளயும் போயிடும், ஆனா 5.56-க்குன்னு குடைஞ்ச அறையோட அளவு வேற, .223 அறைல அத சுட்டா அழுத்தம் எகிறிடும். 5.56ன்னு பொறிச்சதுல .223 போடலாம், பிரச்சினை இல்ல. அத விட மோசம் .300 பிளாக்அவுட், அந்தத் தோட்டா தப்பித் தவறி .223 துப்பாக்கிக்குள்ள போயி சுட்டுட்டா துப்பாக்கியே வெடிச்சிடும், ரெண்டு வகையும் வீட்ல இருந்தா ஒரே பைல போட்டு வைக்காதீங்க.

தூரத்துக்கு வருவோம். ஆளாளுக்கு நானூறு ஐநூறு கெஜம்னு அளப்பாங்க, ஆனா கூப்பிட்டு வரவழைச்சு சுடற வேட்டைல பெரும்பாலும் 150 கெஜத்துக்குள்ளதான் வந்து நிக்கும், மரம் மட்டை அடர்ந்த எடத்துல அத விடக் கிட்ட, அங்க எல்லாம் ரைஃபிள விட ஷாட்கன்தான் உத்தமம்னு சொல்றவங்க இருக்காங்க. 200 கெஜத்துக்கு குறி வச்சு செட் பண்ணின .223-ல 55 கிரெய்ன் வி-மேக்ஸ் 100 கெஜத்துல ஒன்னரை இன்ச் மேல போகும், 300-ல சுமார் 7 இன்ச் கீழ இறங்கும். .22-250-ல 300-ல 5 இன்ச் கிட்ட. அதாவது அத்தன மருந்து கூட எரிச்சும், சத்தம் கூட போட்டும், குழாய் சீக்கிரம் தேஞ்சும், 300 கெஜத்துல கிடைக்கற லாபம் ரெண்டு இன்ச். ஆனா எங்க ஊரு காத்துக்கு அந்தக் கூடுதல் வேகத்துக்கு மதிப்பு இருக்கு, ஏன்னா மணிக்கு 16 கிலோமீட்டர் காத்து குறுக்க அடிச்சா .223 குண்டு 200 கெஜத்துலயே நாலரை இன்ச் கிட்ட ஒதுங்கிடும், சாஸர் தாண்டிப் போயாச்சு. இங்க 16 எல்லாம் காத்தே இல்ல, தென்றல். ஆனா புதுசா ஆரம்பிக்கறவங்க 200 கெஜத்த தாண்டவே வேணாம், அதுக்குள்ள .223 போதும், தோட்டாவும் எல்லாக் கடைலயும் கிடைக்கும், இங்க நிறைய பேர் வச்சிருக்கற ஏஆர்-15 ரைஃபிளுக்கும் அதுதான்ங்கறதால மத்ததுங்கள விட விலையும் கம்மி. விலை கம்மின்னா நிறைய சுட்டுப் பழகலாம். மருந்து ரொம்பக் கம்மியா பிடிக்கற பொடிசு தோட்டாங்கள்ல .22 எல்.ஆர் ஆகாது, .17 எச்.எம்.ஆர் ரொம்பக் கிட்டன்னா பரவால்ல, அதுக்கு மேல நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கலிஃபோர்னியால இருக்கறவங்களுக்கு வேற கணக்கு. 2019 ஜூலை 1லேர்ந்து அந்த மாநிலத்துல எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டே கூடாது. காரணம் கான்டர்ங்கற பெரிய பிணந்தின்னிக் கழுகு, சுட்டுப் போட்ட மிருகத்த தின்னு ஈயம் உடம்புல ஏறி செத்துச்சுங்க, 1987-ல உலகத்துலயே மொத்தம் 27தான் மிச்சம், அத்தனையும் கூண்டுல. அதனால அங்க செம்பு குண்டுதான். செம்பு ஈயத்த விட லேசு, அதே எடைக்கு குண்டு நீளமாயிடும், நீளமானா வேகமா சுத்தணும்னு பம்பரக் கதைல சொன்னேன்ல, அதனால 1:12, 1:14 குழாய் வச்சிருக்கறவங்க செம்புல எடை கொறைச்சலா பாத்து வாங்கணும்.

விசால இருக்கற நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு தெரியாத ஒன்னு. எச்-1பி மாதிரி விசால இருக்கறவங்க துப்பாக்கி மட்டுமில்ல, தோட்டா வச்சிருக்கறதுக்கே அமெரிக்க ஃபெடரல் சட்டம் தடை போடுது, விதிவிலக்குல ஒன்னு, செல்லுபடியாகற வேட்டை லைசென்ஸ் கைல இருக்கணும். காலாவதியானத வச்சிக்கிட்டு ஃப்ரெண்டு வண்டில ஒரு டப்பா தோட்டாவோட மாட்டினா பெரிய சிக்கல். கிரீன் கார்டுக்காரங்களுக்கு இந்தத் தடை இல்ல. மாநில சட்டம் தனி, சந்தேகம் இருந்தா வக்கீல்கிட்ட கேட்டுடுங்க, கடைக்காரர்கிட்ட கேக்காதீங்க.

நியூ மெக்சிகோ, அரிசோனா பக்கம் போறவங்க குண்ட விட கண்ணுக்கு வேலை குடுங்க. 1998லேர்ந்து அங்க மெக்சிகன் ஓநாய்ங்கள காட்டுல விட்டிருக்காங்க, பாதுகாக்கப்பட்ட இனம், தூரத்துல பாத்தா பெரிய கயோட்டி மாதிரியே இருக்கும். அதே மாதிரி குறிக்குப் பின்னாடி மண்மேடு இருக்கான்னு பாருங்க, பிளாஸ்டிக் நுனி குண்டு மண்ணுல பட்டா பெரும்பாலும் சிதறிடும்ங்கறது உண்மைதான், ஆனா தவறிப்போன குண்டு மைல் கணக்குல போகும்ங்கறதும் உண்மை.

கடைசியா வாங்கற முறை. ஒரே எடைல ரெண்டு மூணு கம்பெனியோட ஒவ்வொரு டப்பா வாங்குங்க, மொத்தமா வாங்கிடாதீங்க. 100 கெஜத்துல மேசை மேல துப்பாக்கிய சாச்சு வச்சு ஒவ்வொன்னுலயும் மூணு மூணா, குழாய ஆற விட்டு ஆற விட்டு சுடுங்க. ஒரே மாடல் துப்பாக்கி ரெண்டு இருந்தாலும் ஒன்னுக்குப் பிடிச்சது இன்னொன்னுக்குப் பிடிக்காது, அது ஏன்னு யார் கேட்டாலும் சிரிப்பாங்க. என் துப்பாக்கி விலை ஜாஸ்தியா இருந்த ஒன்ன ரெண்டரை இன்ச்சுக்கு இறைச்சு விட்டுச்சு, நடுத்தர விலைல இருந்த 55 கிரெய்ன் வி-மேக்ஸ ஒரு இன்ச்சுக்குள்ள அடுக்குச்சு. அதுலயே அஞ்சு டப்பா, லாட் நம்பர் (ஒரே தடவைல தயாரிச்சதுக்கு குடுக்கற நம்பர்) ஒன்னா இருக்கற மாதிரி பாத்து வாங்கி வச்சேன். அடுத்த டிசம்பர்ல பெரியவர் வண்டில ஏறினதும் முதல் வேலையா கைய நீட்டி டப்பாவக் காட்டுன்னாரு. பாத்துட்டு திருப்பிக் குடுத்துட்டு வண்டிய எடுத்தாரு.